அரை மணியை விழுங்கிய மொழி

“நீ மொழிய யூஸ் பண்றவம்மா. மொழிய எழுதறவங்க வேற ஆளுங்க.”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்கள் அலுவலகத்து சீனியர் என்னிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை. பேருந்தில் ஏறிய ஆளுக்கு நடத்துநர் பின் இருக்கையைக் காட்டுவதுபோல, எனக்குரிய இடத்தைக் காட்டினார். நான் கேட்டதும் பெரிய கேள்வி இல்லை. நாங்கள் பயன்படுத்தும் கணினி நிரல் மொழியில் ஒரு வசதி இல்லையே, அதை நாமே எழுதி அந்த மொழிக்காரர்களுக்கு அனுப்பினால் என்ன என்று கேட்டேன். அந்த வசதி எது என்பதுகூட இப்போது மறந்துவிட்டது. பதில் மறக்கவில்லை.

அவர் சென்னைக்காரர். தூத்துக்குடிக்கு வந்த அன்று என்னிடம் விசாரித்த முதல் விஷயம், நல்ல முத்து எங்கே மலிவாகக் கிடைக்கும் என்பது. முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலம் கழித்துப் பிறந்தவள் நான். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் கழுத்திலும் முத்து கிடையாது. இரண்டாவதாக, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். தோணியில் பண்டாரி என்றேன். “பண்டாரமா, கோயில்லயா?” என்றார். சமையல்காரர் என்று விளக்கினேன். “ஓ, ஷெஃப்” என்று தலையாட்டினார். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு போகிற மரத்தோணியில், அலைக்கு ஆடுகிற சட்டியை ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு மீன்குழம்பு வைக்கிற மனிதருக்கு அவர் கொடுத்த பதவி உயர்வு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரிக்குப் போன முதல் ஆளும் நான்தான். இதைச் சொன்னால் சிலர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணில் கருணை வரவழைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கருணை வேண்டாம். எனக்குப் படிப்பு வந்தது, படித்தேன். எதை எடுத்தாலும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. அவ்வளவுதான் கதை.

எங்கள் நிறுவனம் சின்னது. பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு கயிற்றுக் கடைக்கு மேலே இருக்கிறது. தோணிகளில் பொருத்துவதற்கு ஒரு கருவி செய்கிறோம். அலுவலகத்தில் அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. தோணிக்காரர்கள் டப்பா என்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். டப்பா செயற்கைக்கோள்களிடமிருந்து நேரத்தையும் இடத்தையும் வாங்கும். தினமும் நண்பகல் பன்னிரண்டுக்குத் தோணி எங்கே நிற்கிறது என்று பதிந்துகொண்டு, பதிந்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு முறை கூவும். கரைக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் எல்லாவற்றையும் தோணி முதலாளியின் போனுக்கு அனுப்பிவிடும்.

டப்பாவுக்குள்ளே இருப்பது விரல்நகம் அளவு சில்லு. அதில் முழு மொழியும் அடங்காது. அதனால் நான் கல்லூரியில் படித்த அதே மொழியின் ஒரு சின்ன வடிவத்தைப் போட்டிருக்கிறோம். உலகம் முழுவதும் ஆட்கள் சேர்ந்து சும்மா எழுதிக் கொடுத்தது. எழுதியது எல்லாம் திறந்து கிடக்கிறது, யாரும் வாசிக்கலாம், யாரும் திருத்தம் அனுப்பலாம். அதன் முகப்பில் எல்லாரையும் வரவேற்கிறோம் என்று எழுதி, கைகூப்புகிற படம் ஒன்றும் போட்டிருக்கிறார்கள்.

ஒரு மொழிக்கு இலக்கணம் மட்டும் போதாது. தேதியைப் பிரிக்க, நேரத்தைக் கூட்ட, வரிசைப்படுத்த என்று தினசரி வேலைகளுக்கு முன்பே எழுதி வைத்த சாமான்கள் கூடவே வர வேண்டும். அதற்குத்தான் ஸ்டாண்டர்டு லைப்ரரி என்று பெயர். அப்பாவுக்கு இதை விளக்கியபோது, தோணி கிளம்புமுன் அவர் ஏற்றுகிற அரிசி, புளி, மிளகாய், உப்பு என்று சொன்னேன். சின்ன வடிவத்தில் பாதிச் சாமான் இல்லை என்றதும் அப்பா கேட்டார், “உப்பு ஏத்தாமயா தோணிய விட்டானுவ?”

ஆமாம். உப்பு ஏற்றாமல்தான் விட்டிருந்தார்கள். என்னென்ன இல்லை என்று சொல்வதற்கே ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். பெரிய மொழியில் இருப்பவை இடது பக்கம், அவற்றுக்கு நேரே இல்லை, இல்லை, பாதி, திட்டத்தில் உள்ளது, இல்லை. திட்டத்தில் உள்ளது என்று போட்ட இடங்களில் சிலந்தி வலை கட்டாத குறை. அந்தப் பக்கத்தில் நேரத்துக்கு எதிரே ‘உள்ளது’ என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தார்கள். எங்களைக் கவிழ்த்தது அந்தப் பச்சைதான்.

அப்பா வேலை செய்கிற தோணியில் டப்பாவைப் பொருத்த வைத்தது அப்பாதான். தோணியின் தலைவரை எங்கள் பக்கம் தண்டல் என்போம். அந்தத் தண்டலுக்கு டப்பா பிடிக்கவில்லை. கடலில் தன்னை வேவு பார்க்க முதலாளி வைத்த ஆள் என்று நினைத்தார். அப்பா விடாமல் பேசி, “எம்மவ எழுதுனது வே, வேவு பாக்காது” என்று ஒத்துக்கொள்ள வைத்தார். ஆடி மாதக் காற்று ஓய்ந்து தோணிகள் மறுபடி கிளம்பியபோது, முதல் நடையிலேயே டப்பாவும் போயிற்று.

திரும்பி வந்த அன்று அப்பா நேரே வீட்டுக்கு வந்தார். வழக்கமாக மாலத்தீவிலிருந்து தகர டின்னில் அடைத்த பால்மாவும் சூரைமீனும் கொண்டுவருவார். அன்று பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

“ஏளா, பன்னெண்டு மணின்னா பன்னெண்டு மணிதான?”

“ஆமா.”

“அப்பம் அந்தக் கடிகாரத்துலதான் கோளாறு. நான் அப்பமே சொன்னேன்.”

நடந்தது இது. அந்தத் தோணியில் எல்லாரும் எங்கள் ஊர்க் கத்தோலிக்கர்கள். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை செபத்துக்குக் கோயிலில் திரிகால மணி அடிப்பதுபோல, கடலிலும் பன்னிரண்டுக்கு வேலையை நிறுத்தி நின்று செபம் சொல்லிவிட்டுத்தான் சாப்பிடுவார்கள். மாலத்தீவில் நேரம் நம்முடையதைவிட அரை மணி பின்னால். ஆனால் தோணிக்காரர்கள் கடிகாரத்தை மாற்ற மாட்டார்கள். தோணிக்குள்ளே ஓடுவது ‘நம்ம மணி’, கரையில் கடைக்காரரிடம் பேசினால் ‘அவங்க மணி’. டப்பா நண்பகலில் கூவும் என்று தெரிந்ததும், கடலிலும் ஒரு திரிகால மணி கிடைத்துவிட்டதாகச் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள். இடத்தைப் பதிந்ததற்கு நான் வைத்த கூவலைக் கேட்டு, தொப்பியைக் கழற்றிச் சிலுவை போடத் தயாராக நின்றிருக்கிறார்கள். யாரும் யோசித்திராத பயன்பாடு. எந்த மொழிக்காரருடைய பட்டியலிலும் இருக்காது.

முதல் நாள் பன்னிரண்டு ஆயிற்று. டப்பா கூவவில்லை. பன்னிரண்டரைக்குக் கூவியது. அடுத்த நாளும் அப்படியே.

“எல்லாவனும் சிரிக்கான்” என்றார் அப்பா. “பண்டாரி மவ மணி தூங்கி எந்திரிச்சி வருதுன்னு சொல்லுதான். நான் சொன்னேன், பிந்துனது டப்பா இல்ல வே, சொவத்துல தொங்குத கடிகாரம் முந்திட்டுன்னு.”

“சொன்னதோட விட்டீங்களா?” என்று அம்மா கேட்டாள். அவளுக்கு அவரைத் தெரியும்.

“கடிகாரத்தப் பின்னால திருப்பி வச்சேன்.”

“உம்ம ஆரு கடிகாரத்துல கை வைக்கச் சொன்னா?”

“தண்டலு முன்னால திருப்பினாரு. நான் பின்னால திருப்பினேன். போவயில வரயில இதே சோலிதான்.”

அதோடும் நிற்கவில்லை. சோறு போடுகிற நேரத்தையும் டப்பாவுக்கு ஏற்றபடி தள்ளி வைத்திருக்கிறார். டப்பா கூவாமல் சட்டியைத் திறக்க மாட்டேன் என்று நின்றிருக்கிறார். பசித்த ஆட்கள், கொதிக்கிற வெயில், மூடிய சோற்றுப் பானை, அதன்மேல் கரண்டியோடு அப்பா. மாலத்தீவிலிருந்து திரும்பும்போது தண்டல் தீர்த்துச் சொல்லிவிட்டாராம்: அடுத்த நடைக்கும் இப்படியே இருந்தால் டப்பாவைக் கழற்றிக் கரையில் போட்டுவிடுவேன்.

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“டப்பா எறங்குனா நானும் எறங்குதேன்னு சொல்லிட்டேன்.”

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். அப்பா வாய்விட்டுச் சொன்னால் அதிலிருந்து பின்வாங்க மாட்டார். அவருக்கு இந்தத் தோணி போனால் வேறு தோணியில் இந்த வயதில் பண்டாரியாகச் சேர்க்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவருக்கும் தெரியும்.

“அப்பா, தப்பு டப்பாமேலதான்” என்றேன்.

அவர் முகம் விழுந்துவிட்டது. “நீ எழுதுனதுலா?”

“அந்த இடத்த நான் எழுதல. எங்க சார் எழுதினாரு.”

“அப்பிடிச் சொல்லு” என்று உடனே தெளிந்துவிட்டார். பையைக் கீழே வைத்தார். பால்மா வெளியே வந்தது. தோணியில் வெங்காயம் ஏற்றி முடிக்கும்வரை எனக்கு அவகாசம் என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார். உலகத்தில் இனி ஒரு கோளாறும் இல்லை என்கிற மாதிரி.

மறுநாள் காலையில் சீனியரின் நிரலைத் திறந்து பார்த்தேன். செயற்கைக்கோள் தருவது உலகப் பொது நேரம். அதோடு ஐந்தரை மணி கூட்டினால் நம்ம மணி. அவர் ஐந்தரை என்றுதான் எழுதியிருந்தார். அதில் தப்பில்லை. ஆனால் அந்தச் சின்ன மொழியின் நேரப் பகுதியில் முழு மணியை மட்டுமே வாங்க இடம் வைத்திருந்தார்கள். ஐந்தரையைக் கொடுத்தால் அரையை மென்று விழுங்கிவிட்டு ஐந்தை வைத்துக்கொள்ளும். ஐயோ இது எனக்கு ஆகாது என்று ஒரு பிழைச் செய்தியாவது போட வேண்டாமா. கிடையாது. ஏப்பம்கூட விடாது. பச்சை நிறத்தில் ‘உள்ளது’ என்று எழுதி வைத்துக்கொண்டு, உள்ளே அரையைக் காணோம். ஐந்தை மட்டும் கூட்டிய கடிகாரம் அரை மணி பின்தங்கி ஓடும். அப்பா சோற்றுப் பானையை மூடி வைத்ததற்குக் காரணம் இதுதான்.

சீனியரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அஞ்சுன்னா மாலத்தீவு டைம். தோணி அங்கதானே போகுது” என்றார்.

“திரும்பியும் வருமே சார்.”

அது அவருக்குத் தோன்றியிருக்கவில்லை போலிருக்கிறது. “சரி, ஸ்கிரீன்ல காட்டறப்ப முப்பது நிமிஷம் கூட்டிடு. முடிஞ்சுது” என்றார். கூட்டினேன். திரையில் சரியான நேரம் வந்தது, கூவல் பழையபடி பிந்தியே வந்தது. கண்ணுக்கு ஒரு மணி, காதுக்கு ஒரு மணி. கூவுகிற இடத்திலும் கூட்டச் சொன்னார். கூட்டினேன். இப்போது பதிவாகிற நேரத்தில் இரண்டு கூட்டலும் சேர்ந்து, தோணி அரை மணி முன்னால் ஓடியது. அதில் கழிக்கச் சொன்னார். கழிக்கவில்லை. ஓட்டைச் சட்டியில் மேலே மேலே சோற்றை அப்பி அடைப்பதுபோல இது எனக்கு அருவருப்பாக இருந்தது. அடுத்து வருகிற ஆள் எங்கே கூட்டியிருக்கிறோம் எங்கே கழித்திருக்கிறோம் என்று தேடிச் சாக வேண்டும். ஓட்டை இருப்பது மொழியில். மொழியில்தான் அடைக்க வேண்டும்.

“அது நம்ம வேலை இல்லம்மா” என்றார்.

நான் அந்த மொழிக்காரர்களின் பக்கத்துக்குப் போய், என்ன நடக்கிறது என்று தெளிவாக எழுதிப் போட்டேன். பதில் வர நேரமாகவில்லை. நேரப் பகுதியில் வருகிற திருத்தங்களைப் பார்க்கிற ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையான ஆங்கிலம். விளக்கத்துக்கு நன்றி. இது சின்னக் கருவிகளுக்கான மொழி. ஒவ்வொரு எழுத்துக்கும் இடம் பார்த்துச் செலவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு முழு மணியே போதும், அரை மணி வித்தியாசம் அபூர்வமான தேவை. தேவைப்படுகிறவர்கள் தங்கள் நிரலில் கூட்டிக்கொள்ளலாம். இப்படிச் சொல்லிவிட்டு என் விண்ணப்பத்தின்மேல் ‘அபூர்வம்’ என்று ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார்.

அபூர்வம். இங்கே இருக்கிற ஒரு தேசம் முழுக்கவும், எதிரே இருக்கிற இலங்கையும், அபூர்வம். காலையில் பால்காரர் வருவது அபூர்வம், திருச்செந்தூர் வண்டி கிளம்புவது அபூர்வம், ஸ்ரீவைகுண்டத்தில் வயலுக்குத் தண்ணீர் திறப்பது அபூர்வம். நாங்கள் எல்லாரும் அபூர்வமான ஒரு நேரத்தில் எழுந்து, அபூர்வமாகச் சாப்பிட்டு, அபூர்வமாகத் தூங்குகிறோம்.

இந்தப் பெரிய மனிதர் எந்தக் கண்டத்தில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்கிறார் என்று பார்க்கத் தோன்றியது. அந்த மொழியில் யார் எந்தத் திருத்தத்தை எழுதினாலும், எழுதிய நேரம் தானாகவே அதோடு பதிவாகிவிடும். எழுதியவரின் கணினி எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது என்பதும் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும். அவருடைய திருத்தங்களைத் திறந்தேன். முழு மணி மட்டும் வாங்குகிற அந்தப் பகுதியை எழுதியவரே அவர்தான். அந்தத் திருத்தத்தின் முடிவில் பதிந்திருந்த நேரம், கூட்டல் ஐந்து முப்பது.

அவர் பெயரைத் தொட்டால் ஊரும் வந்தது. பெங்களூர்க்காரர். தான் உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்கே இடம் வைக்காமல் வீட்டைக் கட்டியிருக்கிறார்.

நான் சிரித்த சத்தத்தில் சீனியர் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. “பெரிய ஆளும்மா அவரு. மாநாட்டுல எல்லாம் பேசறவரு. ஏதாவது எழுதி வெச்சிடாத” என்றார். நான் ஏற்கெனவே எழுதி அனுப்பியிருந்தேன். ஒரே வரி. ‘தாங்கள் இந்தப் பகுதியை எழுதிய நேரத்தைத் தாங்கள் எழுதிய இந்தப் பகுதியாலேயே காட்ட முடியாது’ என்று எழுதி, அவருடைய ஐந்து முப்பதைக் கீழே ஒட்டியிருந்தேன்.

‘அபூர்வம்’ சீட்டு சத்தமில்லாமல் கழன்றுவிட்டது. மன்னிப்பு, வருத்தம் எல்லாம் கிடையாது. அதற்குப் பதில் ஒரு நிபந்தனை வந்தது. மணிக்குப் பதில் நிமிடக் கணக்காக மாற்றினால், ஏற்கெனவே ஐந்து, ஆறு என்று எழுதி வைத்திருக்கிறவர்களின் நிரல்கள் எல்லாம் ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று புரிந்துகொண்டு கெட்டுப்போகும். அதற்கு என்ன வழி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். அவர் அதுவரை சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான். உருப்படியான கேள்வி வந்தால் நான் வாயாட மாட்டேன், உட்கார்ந்து எழுதுவேன்.

பழைய இடத்தைத் தொடாமல், பக்கத்தில் நிமிடத்துக்கு இன்னொரு இடம் வைத்தேன். ஒன்றும் தராவிட்டால் அது பூஜ்யம். பழைய நிரல்கள் பழையபடி ஓடும். நேபாளத்துக்காரர்களுக்கு நம்மைவிட மோசம், அவர்கள் ஐந்தே முக்கால். அவர்களுக்கும் இதில் இடம் உண்டு. பிறகு மேற்குப் பக்கம் போய்ப் பார்த்தேன். அட்லாண்டிக் கரையில் ஒரு தீவு இருக்கிறது, அங்கே பொது நேரத்திலிருந்து மூன்றரை மணி கழிக்க வேண்டும். என் முதல் வரைவு மணியைக் கழித்துவிட்டு நிமிடத்தைக் கூட்டியது. அதை அந்தப் பெரிய மனிதர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன் நானே திருத்திவிட்டேன். அந்த மகிழ்ச்சியை அவருக்குக் கொடுப்பதாக இல்லை. யாராவது அரையைக் கொடுத்தால் இனி விழுங்கக்கூடாது, பிழை என்று உரக்கச் சொல்ல வேண்டும் என்றும் எழுதினேன். எல்லாம் சேர்ந்து ஒரு உள்ளங்கையில் அடங்குகிற அளவு நிரல். அனுப்பினேன். அந்தப் பக்கம் மௌனம்.

துறைமுகத்தில் வெங்காய லாரிகள் வரிசையில் நின்றன. அப்பா தினமும் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டால் என்னைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அதற்குப் பதில் அம்மாவிடம், நான் கேட்கும்படி, “ஏத்து முடியப் போவுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஒத்துக்கொள்ளும்வரை காத்திருக்க எனக்கு நேரமில்லை. மொழி திறந்துதானே கிடக்கிறது. என் திருத்தத்தைச் சேர்த்து, மொழியை நானே முழுதாகத் தொகுத்து எடுத்தேன். அலுவலகத்தில் மேசைமேல் கிடந்த மாதிரி டப்பாவில் அதை ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையல்கட்டு அலமாரியில் வைத்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டுக்கு டப்பா கூவியது. கொஞ்சம் கழித்துக் கோயிலில் திரிகால மணி அடித்தது.

அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, “மெலிஞ்சியாரு பிந்திட்டாரு” என்றாள். மெலிஞ்சியார் என்றால் எங்கள் கோயிலில் மணியடிப்பவர்.

“நீங்களும் தொடங்கிட்டீங்களா” என்றேன். ஆனால் போனை எடுத்துப் பார்த்தேன். மெலிஞ்சியார் பிந்தித்தான் இருந்தார்.

தோணியில் இருந்த டப்பாவில் இதை ஏற்றப் போகிறேன் என்று சீனியரிடம் சொன்னபோது, அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அவங்க இன்னும் அப்ரூவ் பண்ணாத கோடு, அத கஸ்டமர் கருவியில போடறதா? ரிஸ்க்.”

“அவங்க அப்ரூவ் பண்ண கோடுதான் சார் அரை மணிய முழுங்கிச்சு.”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லாதது அனுமதி என்று எடுத்துக்கொண்டேன். பழுதானால் எனக்குத் தெரியாது என்று சொல்ல வசதியாக, அவர் உடனே விடுப்பு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய துறைமுகத்தில் தோணி முழுச் சுமையோடு தாழ்ந்து நின்றது. மடிக்கணினியின் வயர் குட்டையானது. டப்பாவைக் கீழே இறக்கினால்தான் மொழியை மாற்றி ஏற்ற முடியும். தண்டல் தானே கழற்றித் தருகிறேன் என்று திருப்புளியோடு வந்தார், முகத்தில் ஒரு நிறைவோடு. கழற்றியதும் அப்பா அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறகு, சொன்ன சொல் தவறாத மனிதர் அல்லவா, டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பலகை வழியாகத் தானும் இறங்கி வந்துவிட்டார். என் பக்கத்தில் ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

மேலேயிருந்து ஒருவர் கத்தினார், “தண்டலே, பண்டாரி எறங்கிட்டாரு. இனி சோத்த ஆரு பொங்குவா?”

“டப்பா ஏறுனா ஏறுவாரு” என்றார் தண்டல். பிறகு என்னைப் பார்த்து, “ஏளா, இந்தத் தடவையாவது முழிச்சிக்கிடுமா, இல்ல தூங்குமா?”

“கடிகாரத்த எடுத்துட்டு வாங்க” என்றேன்.

அவர் உள்ளே போய், சுவரில் தொங்கிய கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பலகையில் வந்து நின்றார். நான் மொழியை ஏற்றி முடித்தபோது பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. ஏற்றுகிற ஆட்கள் சாக்கை இறக்கிவைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அப்பா டப்பாவைப் பார்க்கவில்லை, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டப்பா கூவியது. தண்டலின் கையிலிருந்த கடிகாரத்தில் இரண்டு முள்ளும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்றன.

தண்டல் கடிகாரத்தை ஒருமுறை குலுக்கிப் பார்த்தார், சந்தேகம் தீரவில்லை என்பதற்காக. பிறகு தலைத்துண்டை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். செபம் முடிந்ததும் அப்பா எழுந்து, இடுப்புச் சாரத்தைத் தட்டிவிட்டு, “நான் சொன்னேம்லா வே” என்றார். அவர் சொன்னது வேறு, நடந்தது வேறு. ஆனால் அதைச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை, எனக்கும்தான். டப்பாவோடு பலகையில் ஏறிப் போனார். சோற்றுப் பானை திறக்கிற சத்தம் கேட்டது.

மறுநாள் விடியற்காலையில் தோணி போய்விட்டது. வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு வந்து பார்த்தால், பெங்களூர்ப் பெரியவர் ஒருவழியாக மௌனம் கலைத்திருந்தார். நிரலைப் படித்தேன், சுத்தமாக இருக்கிறது, சோதனைகளும் சரி, மேற்குப் பக்கத்து நிமிடத்தைக்கூடக் கவனித்திருக்கிறாய் என்று எழுதியிருந்தார். அந்த ‘கூட’ என்ற சொல்லை நான் கவனிக்காமல் இல்லை. கடைசியில் ஒரு கேள்வி. பயன்படுத்துகிறவர்கள் இப்படித் தங்கள் தேவைக்கு ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்கள். நாளைக்கு இது பழுதானால் யார் பார்த்துக்கொள்வது?

சீனியர் என் தோள்பக்கமாக எட்டிப் படித்தார். குரலில் புதிதாக ஒரு குழைவு. “நம்ம கம்பெனி பேர்ல அனுப்பியிருக்கலாமேம்மா. நான் ஒரு வரி எழுதியிருப்பேனே.”

“நான் வெறும் யூஸர்தான சார்” என்றேன். “அதான் எம்பேர்லயே அனுப்பிட்டேன்.”

பெரியவரின் கேள்விக்கு நான் புதிதாகப் பதில் எழுதவில்லை. அந்த மொழியின் கோப்புகளில், எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று சொல்கிற கோப்பு ஒன்று இருக்கிறது. நேரப் பகுதிக்கு எதிரே வெகுகாலமாக அவர் பெயர் மட்டும் தனியாக இருந்தது. என் திருத்தத்தைக் கடைசி வரிவரை படித்திருந்தால் அவருக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது. அங்கே, அவர் பெயருக்கு அடுத்து, நான் என் பெயரை எழுதித்தான் அனுப்பியிருந்தேன்.